இன்னும் ஒரு சுற்று

"இன்னும் ஒரு சுத்து இறுக்கு, சின்னவளே."

"இதுக்கு மேல இறுக்கினா நூல் போகாது மச்சான். நீங்கதான் போகணும்."

"போனா போறேன். போன வாரம் வந்த கொடுவா மீன் நாப்பது கெஜம் நூலை உருவிக்கிட்டுப் போய்ப் பாறைக்கு அடியில அறுத்துட்டான். இந்தத் தடவை ஒரு அடிகூடக் குடுக்க மாட்டேன்."

"அப்ப அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சோறு வெக்கணுமா வேணாமான்னு அவங்களுக்குத் தெரியணும்ல?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் அந்தக் கடைசிச் சுற்றை இறுக்கினாள்.

இது நடந்து பத்து மாதமும் பதினொரு நாளும் ஆகிவிட்டன. அன்று மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவளுக்கு இந்தப் பேச்சு கேட்டிருக்காது. சின்னவர் வேலைக்குப் போயிருந்தார். ஆக, இதைக் கேட்டவர்கள் இருவர்தான். அதில் ஒருவர் அன்று மாலையே, மீன் பிடிக்க நின்ற மூன்றாம் பாறையிலிருந்து கடலுக்குள் போய்விட்டார்.

அந்த வீட்டில் நால்வருக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது என்பதே மறந்துபோய் வெகுகாலமாகிறது. பஸ் ஓட்டிய அண்ணன் பெரியவர், அவர் மனைவி பெரியவள். லிஃப்ட் பழுதுபார்க்கும் தம்பி சின்னவர், அவர் மனைவி சின்னவள். இரண்டு குடும்பம், ஒரு சமையலறை, ஒரே வாசல். வாசலை ஒட்டிய அறைதான் சின்னவளின் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை. ஊசிமுனை அளவுத் திருகுகளோடும் சுருள்வில்லோடும் பழகிய கை என்பதால், கல்யாணமான புதிதிலேயே பெரியவர் தன் தூண்டில் ரீலை அவள் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். "மெஷின்ல நூல் வெக்கிற பாபின் கேஸ் மாதிரிதான் இருக்கு மச்சான், கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்தி" என்றாள் அவள். அன்றிலிருந்து அந்த வீட்டு ரீல்களைக் கழுவி, எண்ணெயிட்டு, டிராக்கைச் சரிசெய்வது அவள் வேலையாயிற்று. டிராக் என்பது ரீலின் முகப்பிலுள்ள திருகு. மீன் இழுக்கும்போது நூலை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அதுதான் முடிவு செய்யும். இருபது கிலோ தாங்கும் நூல் என்றால், தொங்குதராசின் கொக்கியில் நூலை மாட்டி இழுக்கும்போது முள் ஐந்தைத் தொட்டதும் நூல் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். அது அவளாகவே வைத்துக்கொண்ட கணக்கு. அதை அவள் மீறியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான்.

பெரியவரின் செருப்பில் ஒன்று கிடைத்தது. பாறை இடுக்கில் செருகி வைத்திருந்த பை கிடைத்தது. கம்பும் ரீலும் அவரும் கிடைக்கவில்லை. பெரிய அலை வந்திருக்கும் என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். சின்னவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

சின்னவர் மட்டும் தலையாட்டவில்லை. "இருபது வருஷமா அந்தப் பாறையில நிக்கற ஆளு. அலைய முதுகாலயே பாத்துடுவாரு. வழுக்கி விழற ஆள் இல்ல எங்கண்ணன்" என்றார் ஒருமுறை. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பேசாமல் வாங்க ஆரம்பித்தார். அதுவரை மீன் பிடிப்பதென்றால் அவருக்கு வேப்பங்காய். திடீரென்று ஒரு சனிக்கிழமை ஒரு கம்பு வந்தது. துக்கத்தை ஆற்ற ஒரு வழி என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள், சந்தோஷம்கூடப் பட்டாள். அடுத்த மாதம் ஒரு ரீல். அதன்பின் பச்சை நிறப் பின்னல்நூல். கொடுவாவின் செவுள் ஓரம் கத்திபோல அறுக்கும் என்பதால் நூல்முனையில் கட்டும் தடித்த நைலான் துண்டு. ஒவ்வொன்றாக வந்து மேசையில் உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் எங்கோ பார்த்ததுபோல இருந்தது அவளுக்கு. கடையில் ஒரே மாதிரி சரக்குதானே இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

போன வாரம் மெஷின் பெல்ட் வாங்கப் போனபோது, பக்கத்துத் தூண்டில் கடைக்காரர் அவளை நிறுத்தினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா ஆச்சு? கரையில நின்னு வீச லேசான ரீலா எடுத்துக்குங்க, கை வலிக்காதுன்னு தலைகீழா நின்னு சொல்றேன். கேக்க மாட்டேங்கறாரு. 'அண்ணன் கடைசியா எது வாங்கினாரு? அதையே குடு'ங்கறாரு. பில் புக்கை நானே தூசி தட்டி எடுத்தேன்னா பாத்துக்குங்க. இரைக்கு மாட்டற பிளாஸ்டிக் மீன்கூட அதே செவப்புத் தலை, வெள்ளை உடம்புதான் வேணுமாம். மாப்பிள்ளைகூட இப்படிப் பொருத்தம் பாத்து எடுக்க மாட்டாங்க!"

அவர் சிரித்தார். சின்னவள் வீடு வரும்வரை பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டே வந்தாள். விரல்நுனி சிவந்துபோனதைக்கூடக் கவனிக்கவில்லை.

சின்னவரின் தொழில் அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது அவர் பேசுவது அது ஒன்றைத்தான். எப்போதாவது மட்டும் நின்றுபோகும் லிஃப்டில் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாம். அது நின்றபோது உள்ளே எத்தனை பேர், எந்த மாடி, எந்த நேரம் என்று எல்லாவற்றையும் கேட்டு, அதே நிலைமையை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவாராம். "கடைசிப் பொருள் சேர்ற நேரம் பழுது தானா வந்து நிக்கும்" என்பார். அப்படித்தான் இப்போது அவர் தன் அண்ணனின் அந்தச் சாயங்காலத்தை உறுப்பு உறுப்பாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். சேர வேண்டிய கடைசிப் பொருள் எது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவர் கடை அறைக்கு வந்தார். ரீலை மேசையில் வைத்தார். பக்கத்தில் மூன்று முழம் நைலான் பட்டையையும் ஒரு எஃகுக் கொக்கியையும் வைத்தார்.

"அண்ணனுக்கு ஒரு இடுப்புப் பட்டை தச்சுக் குடுத்தியே, கம்பு கையை விட்டுப் போகக்கூடாதுன்னு. அதே மாதிரி ஒண்ணு வேணும்."

ஒரு தடவை கம்பையே மீனுக்குப் பறிகொடுத்த பெரியவர், அதற்குப் பிறகு கம்பின் அடியை இடுப்போடு பிணைத்துக்கொண்டுதான் நிற்பார். அந்தப் பட்டைக்கு நான்கு வரிசை தையல் போட்டதும் இவள்தான். யானை இழுத்தாலும் பிரியாது என்று பெருமை வேறு.

"டிராக்கையும் பாத்து வெச்சிடு" என்றார் அவர், அவளைப் பாராமல். "அண்ணனுக்கு வெச்ச மாதிரியே வை."

வெளியே காற்று மாறியிருந்தது. காலையிலிருந்து கடல் பக்கமிருந்து ஒரு தாழ்ந்த சத்தம் வந்துகொண்டே இருந்தது. யாரோ கனமான மரப்பெட்டியைத் தரையோடு இழுப்பதுபோல. உள்ளே பெரியவள் பாத்திரம் கவிழ்க்கும் ஓசை கேட்டு, நின்றது.

சின்னவள் ரீலைக் கையில் எடுத்தாள். ஒரு கணம்தான் யோசித்தாள். அந்த ஒரு கணத்தில் பத்து மாதத்துக்கும் ஒரு வழி திறந்ததுபோல இருந்தது. ஐந்தில் வைத்துக் கொடுத்துவிட்டால் போதும். இவர் போவார், நூல் தாராளமாக ஓடும், பத்திரமாகத் திரும்புவார். ரீல்மேல் தப்பில்லை என்று ஆகிவிடும். கேட்க வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது. திருகு கட்டைவிரலுக்கடியில் கிட், கிட் என்று நகர்ந்தது. தராசில் மாட்டி இழுத்தாள். முள் ஐந்தைத் தொட்டதும் நூல் கிர்ரென்று வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அவர்.

"ம்."

"அண்ணனுக்கும் இதேதானா வெச்சே?"

அவள் குனிந்து பட்டையை மெஷினில் வைத்தாள். "இதே நூல்தானே. இதே அளவுதான்."

அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. ஒரு மூட்டையை இறக்கி வைத்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் அவளுக்குத் தெரிந்த பழைய முகமாக ஆனது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. இத்தனை நாளும் இவர் அவளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதும், சந்தேகம் பொய்யாக வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருந்தார் என்பதும் அந்தப் பெருமூச்சிலேயே தெரிந்துவிட்டது.

"அப்ப ரீல் இல்ல" என்றார் அவர், தனக்குத்தானே. "சரி. அப்ப அவர் நின்ன இடம்தான். மூணாம் பாறைக்குக் கீழ ஒரு படி மாதிரி இருக்கு, தண்ணி வத்தும்போது மட்டும் தெரியும். மீன் பாறைக்கடியில போகாம இருக்க அங்க இறங்கியிருப்பாரு. இன்னைக்கு நான் அதுல இறங்கிப் பாக்கறேன்."

மெஷினில் ஒரு தையல் தாண்டி விழுந்தது.

"இன்னைக்கா? கடல் போடற சத்தம் காதுல விழலையா?"

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அதனாலதான் இன்னைக்கு."

பெரியவள் நிலைப்படியில் வந்து நின்றாள். கையில் இரண்டு தம்ளர் டீ. மேசையையும் பட்டையையும் பார்த்தாள். பட்டையின்மேல் அவள் கண் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"எட்டு மணிக்குள்ள வந்துடுவீங்களா?" என்றாள் கொழுந்தனாரிடம். "சோறு வெக்கணுமா வேணாமான்னு கேக்கறேன்."

வேறொன்றுமில்லை, தினமும் கேட்பதுதான். ஆனால் சின்னவளின் கால் மெஷின் மிதியிலேயே நின்றுவிட்டது.

"வெய்யுங்க அண்ணி. வந்துடுவேன்."

"என்ன சின்னவளே, வெளுத்துப்போய் உக்காந்திருக்கே? டீயக் குடி" என்று ஒரு தம்ளரை மேசையில் வைத்தாள் பெரியவள். போகவில்லை. நிலையில் சாய்ந்து நின்றாள்.

சின்னவள் மிச்சத் தையலைப் போட்டு முடித்தாள். நான்கு வரிசை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சின்னவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. எழுந்து நின்று அந்தப் பட்டையைத் தன் இடுப்பிலேயே சுற்றிக் கொக்கியை மாட்டினாள். மூலையில் சாய்த்திருந்த கம்பை எடுத்து, அதில் ரீலைப் பொருத்தி, வளையங்களுக்குள் நூலைக் கோத்து, கம்பின் அடியைப் பட்டையோடு பிணைத்தாள்.

"என்ன பண்றே?"

ரீலின் முகப்பில் விரல்களை வைத்துத் திருப்பினாள். கிட். கிட். கிட். அந்தச் சின்ன அறையில் அந்த ஓசை சுவர்க்கடிகாரத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. விரலுக்கு அந்த எண்ணிக்கை நன்றாக நினைவிருந்தது. திருகு இனி முடியாது என்று முறைத்த இடத்தில் நிறுத்தினாள். பிறகு, இன்னும் ஒரு சுற்று.

நூல்முனையைத் தராசின் கொக்கியில் மாட்டித் தராசை அவர் கையில் கொடுத்தாள்.

"இழுங்க."

அவர் அவளைப் பார்த்தபடியே இழுத்தார். முள் ஐந்தைத் தொட்டது, நூல் வரவில்லை. எட்டு. கம்பு வளைந்து அதன் நுனி அவரை நோக்கித் தாழ்ந்தது. பத்து. பன்னிரண்டு. அவர் இன்னும் இழுத்தார். நூல் மெல்லிய ஒரு முனகலோடு நடுங்கியதே தவிர ஒரு அங்குலம்கூட வெளியே வரவில்லை. பட்டை அவள் இடுப்பை இறுக்கியது. வழவழத்த சிமெண்டுத் தரையில் அவளுடைய வெறுங்கால்கள் பிடிமானம் தேடின, கிடைக்கவில்லை. ஒரு அடி வழுக்கி, இன்னொரு அடி தடுமாறி, அவர் பக்கமாக இழுபட்டு வந்தாள்.

நிலைப்படியில் பெரியவளின் கையிலிருந்த இன்னொரு தம்ளர் சாய்ந்து, டீ தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

சின்னவர் இழுப்பதை நிறுத்தினார். ஆனால் தராசை விடவில்லை. விறைத்து நின்ற அந்தப் பச்சை நூலின் ஒரு முனையில் அவரும் மறுமுனையில் அவளும் நின்றார்கள்.

"பத்து மாசமா கடைக்காரரைக் கேட்டீங்க. பாறையப் போய்க் கேட்டீங்க. இன்னைக்கு என்னையும் கேட்டீங்க, ரீலைப் பாத்துக்கிட்டு. நானும் மெஷினைப் பாத்துக்கிட்டுச் சொன்னேன்" என்றாள். "அங்க இறங்காதீங்க. இப்ப என் முகத்தப் பாத்து, அன்னைக்கு எவ்வளவு இறுக்கினேன்னு இன்னொரு தடவை கேளுங்க."