ஒரு திட்டுகூட விழாத நாள்

கொதிக்கிற வெல்லப்பாகை அடுப்பிலிருந்து இறக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன் பேர்வழி என்று கிளம்பிய தருமன், தரையில் விரித்திருந்த பேப்பரில் கால் தட்டிச் சட்டியைக் கவிழ்த்தார். பாகு போய் விழுந்த இடம் அப்படி. காலையிலிருந்து மகள் நந்தினி உட்கார்ந்து மஞ்சளும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்துக் காயவைத்திருந்த அகல் விளக்குகள் அத்தனையும் அதில் குளித்தன. கார்த்திகை தீபத்தன்று ஒரே அடியில் பொரி உருண்டையும் போச்சு, விளக்கும் போச்சு.

தருமன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட்டைவிட ஜோக்கை ஜாஸ்தி கிழிக்கிறவர் என்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பேர். ஆகையால், திட்டு வாங்கத் தோதாகத் தலையைக் குனிந்துகொண்டு, 'விளக்குக்கும் வாய் இனிக்கட்டுமே' என்று ஒரு பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

திட்டு வரவில்லை.

"கால்ல பட்டுச்சாங்க? காட்டுங்க," என்று மனைவி சந்திரகலா குனிந்து பார்த்தாள்.

"பரவால்லப்பா, கழுவிக்கலாம்," என்றாள் நந்தினி.

அதெல்லாம்கூடப் போகட்டும். தருமனின் அக்கா தனம் பொரித் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தீபத்துக்கும் கீழ்பென்னாத்தூரிலிருந்து அடி அண்ணாமலைக்குத் தம்பி வீட்டுக்கு வருகிறவள். வருகிற வழியில் கிரிவலப் பாதையில் படுத்திருக்கும் மாட்டைக்கூட ரெண்டு வார்த்தை கேட்காமல் தாண்டமாட்டாள். அவள் சொன்னாள்:

"உட்றா தம்பி. வேற பாகு காச்சிக்கலாம். நீ போய் ஒக்காரு."

தருமன் குனிந்த தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார்.

தருமனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வாய் வழியாகக் குழாய் விட்டு, உள்ளேயிருந்து துளி சதை கிள்ளி எடுத்திருந்தார்கள். முந்தாநாள் அங்கேயிருந்து ஃபோன் வந்தது. சந்திரகலா கொல்லைப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்து, "வெறும் புண்ணாம், மாத்திரையிலயே ஆறிடுமாம்," என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். புண் என்னவோ அடுப்புக்கு வந்த மாதிரி.

அப்போது நம்பினார். இப்போது அக்கா 'உட்றா தம்பி' என்றதும் நம்பிக்கை கழன்றுவிட்டது.

வாசலில் மச்சினன் பலராமன் மாவலி கட்டிக்கொண்டிருந்தான். கரித்தூளைத் துணியில் சுருட்டி, பனைமட்டைப் பிளவுகளுக்கு நடுவே வைத்து இறுக்க வேண்டும். ராத்திரி பற்றவைத்துச் சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். தருமன் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"டேய் பலராமா, உங்க அக்கா எங்கிட்ட எதயாவது மறைக்கறாளா?"

பலராமன் கயிற்றை இறுக்கினான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. "மாமா, நம்ம புது பைக்க எடுத்துகினு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன்," என்று சாவியை நீட்டினான்.

அந்த பைக்கின் மேல் தருமனின் நிழல் விழுந்தால்கூடத் துணியால் துடைக்கிறவன் அவன். தருமன் சாவியைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

உள்ளே நந்தினி செல்ஃபோனோடு வந்தாள். "ப்பா, இங்க பாருங்க. சிரிங்க." பக்கவாட்டில் ஒன்று, பொரியோடு ஒன்று, சும்மா நிற்கும்போது ஒன்று. போன வருஷம் வரைக்கும் அவள் எடுக்கிற குடும்பப் படத்தில் தருமனுக்குக் காது மட்டும்தான் கிடைக்கும்.

"எதுக்கும்மா இத்தன?"

"சும்மாதாம்ப்பா," என்றவள் படத்தைச் சரிபார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தருமனுக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. ஒரே ஒரு திட்டு கிடைத்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாருமே சொல்லத் துணியாத வாக்கியம் ஒன்று உண்டு. புதுப்பாகு ஊற்றிப் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்று அதைச் சொன்னார்.

"சந்திரா, இருக்கறத சொல்றேன். எங்க அக்கா புடிக்கிற உருண்ட மாரி உனக்கு என்னிக்கும் வராது."

சொல்லிவிட்டுக் கரண்டி பறந்து வரும் திசையைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றாள் சந்திரகலா. "அண்ணி கைப்பக்குவம் எனக்கு ஏது?"

"நீ வேற," என்றாள் தனம். "என்னுதுல பாகு கம்மி, உதுந்துடும். நீ புடிக்கறதுதாம்மா பதம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டு, தலை நிமிராமல் உருட்டினார்கள். செத்தோம் என்று தருமனுக்கு உறுதியாகிவிட்டது.

சாயங்காலம் எல்லாரும் மாடிக்குப் போய்விட்டார்கள். ஊர் முழுக்க மாடிகளில்தான் நின்றது, மலை உச்சியைப் பார்த்தபடி. மேலே தீபம் தெரிந்ததும்தான் வீடுகளில் விளக்கேற்றுவார்கள். சந்திரகலா மட்டும் கொல்லையில் உட்கார்ந்து, வெந்நீரில் கழுவிய அகல்களுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாகோடு பெயின்ட்டும் பாதி போய், விளக்குகள் தேமல் வந்த மாதிரி இருந்தன.

தருமன் எதிரே உட்கார்ந்தார். ஒரு அகலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு இன்னா சந்திரா?"

"அதான் சொன்னேனே, புண்ணுனு."

"இந்த வீட்ல எவனும் எவளும் என்ன காலையிலருந்து திட்டல. புண்ணுக்கா இந்த மரியாத?"

அவள் எண்ணெய் ஊற்றினாள். ஒரு அகல் நிரம்பி வழிந்தது. "தீபம் ஏறட்டுங்க. பாத்துட்டு நிதானமா பேசிக்கலாம். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு?"

"அதான் பயமா இருக்குது," என்றார் தருமன். "இன்னும் கொஞ்ச நேரத்துல மலையில நெருப்பு தெரியும். எல்லாரும் கையெடுத்துக் கும்புடுவீங்க. எங்க அக்கா, உன் தம்பி, பாப்பா, எல்லாருக்கும் இன்னா வேண்டிக்கணும்னு தெரியும். எனக்குதான் தெரியாது. நான் பாட்டுக்கு, 'சாமி, பஸ்ல சில்லறத் தகராறு வராம பாத்துக்கோ'னு கேட்டு வெச்சா? கேட்டது அதுதானேனு அவரும் அதயே குடுத்துட்டா?"

நல்ல ஜோக்தான். சொன்னவரே சிரிக்கவில்லை. "சொல்லு சந்திரா. உன் கால்ல விழறேன். கேக்கறதயாவது சரியா கேக்கறேன்."

மாடியிலிருந்து, "அம்மா, வாங்க, இப்ப ஏத்திடுவாங்க!" என்று நந்தினி கூப்பிட்டாள். சந்திரகலா எழுந்திருக்கவில்லை. எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தாள். முந்தாநாளிலிருந்து முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தாள்.

"கேன்சருங்க," என்றாள். "எரப்பையில. முத்திப்போச்சாம். திங்கக்கெழம சேக்கணும், ஆபரேஷன் பண்ணணும். பண்ணாலும் உறுதி குடுக்க முடியாதுனுட்டாங்க. பொழைக்கணும்னு வேண்டிக்கங்க. வேற எதயும் கேக்காதீங்க."