கோகோபீட்டுக்கு அடியில்

தம்பிக்காரன் தன் சிறுநீரகங்களில் ஒன்றை அக்காவுக்குக் கொடுத்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உடம்பு அதை வேண்டாமென்று தள்ளிவிடாமலிருக்க அவள் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். அந்த மாத்திரைகளோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே படுக்கப் போட்டுவிடும். அதனால்தான் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: தோட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. மண்ணிலும் மக்கிய உரத்திலும் பூஞ்சை இருக்கும், கிளறினால் மூச்சோடு உள்ளே போகும், நுரையீரலில் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும்.

அக்காவுக்குக் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். "நீ குடுத்த கிட்னி இருக்கே, ஒரே நச்சரிப்புடா. ஏதாவது பச்சையா பார்க்கணுமாம்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாள். அவள் நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் டாக்டரே இறங்கிவந்தார். வீட்டுக்குள்ளே, மண்ணும் உரமும் சேராத கலவையில் விதை போட்டுக்கொள்ளலாம் என்றார்.

விதைக்கடைக்காரர் ஒரு பெரிய மூட்டையைத் தட்டிக் காட்டினார். "மண்புழு உரம், தொழு உரம் எல்லாம் கலந்தே வருது. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

"உரம் இல்லாததா குடுங்க."

"உரம் இல்லாம என்னத்த வளர்ப்பீங்க?"

தம்பிக்காரன் விஷயத்தைச் சொன்னான். கடைக்காரரின் கேலி அடங்கியது. செங்கல் மாதிரி அழுத்திய கோகோபீட் கட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "தேங்காய் நார்த்தூள்தான். தண்ணியில ஊறவிடுங்க. கையில அள்ளிப் பிழிஞ்சா ரெண்டு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது. முளைக்கிற வரைக்கும் விதைக்குள்ளேயே சாப்பாடு இருக்கு. முளைச்ச ரெண்டு இலைக்கு அப்புறம் நிஜ இலை விட்டதும் பசிக்கும். அப்ப தண்ணியில கரைக்கிற உரத்தை லேசா ஊத்துங்க. இப்ப கைவசம் இல்ல, அடுத்த வாரம் வந்துடும்."

விதைகள் ஜோராக முளைத்தன. தக்காளி, கத்திரி, மிளகாய் என்று ஜன்னலோரக் குழித்தட்டு முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த வாரம் வந்தது, கரைக்கிற உரம் வரவில்லை. அதற்கும் அடுத்த வாரமும் கடைக்காரர் கையை விரித்தார். நாற்றுகள் வெளிறிப்போய் வளராமல் நின்றன. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "என்னை மாதிரியே ஆயிடுச்சு பாரு" என்றாள். அதுதான் அவனைக் கொன்றது.

அவன் எலக்ட்ரீஷியன். வயருக்கு மேலே உறை இருந்தால் ஷாக் அடிக்காது என்பது அவன் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை எங்கே கொண்டுவந்து வைத்தான் பாருங்கள்! மொட்டைமாடிக்குப் போய், காகிதக் கப்புகளின் அடியில், கடையில் வாங்கிவந்த மண்புழு உரத்தை ஒவ்வொரு பிடி போட்டான். மேலே விரல் தடிமனுக்குக் கோகோபீட்டை நிரப்பி நாற்றுகளை மாற்றி நட்டான். ஈரமாக, மூடியபடி இருந்தால் எது பறக்கப்போகிறது? உரம் போட்டதைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடவில்லை.

நாற்றுகள் கிடுகிடுவென்று கறும்பச்சையாக எழுந்தன. அக்காவும் எழுந்தாள். இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டாள். தான் கெட்டிக்காரன்தான் என்று தம்பிக்காரன் நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது மேஜை முழுக்கக் கறுப்புத் தூள். கப்புகள் சின்னதாகிவிட்டன என்று அக்காவே எல்லாவற்றையும் கவிழ்த்து, வேர்களை உதறி, தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில்கூடக் கறுப்பு.

"அடியில ஏன்டா இப்படிக் கறுத்திருக்கு?"

அவன் அவள் கையிலிருந்த கப்பைப் பிடுங்கிக்கொண்டான். "வேர் பிடிச்சா அப்படித்தான்க்கா ஆகும். போய்க் கை கழுவு முதல்ல."

அவள் நம்பினாள். அவன் எது சொன்னாலும் நம்புவாள்.

முதலில் இருமல், பிறகு காய்ச்சல், பிறகு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். "மண், உரம் ஏதாவது தொட்டீங்களா? யோசிச்சு சொல்லுங்க. அதை வச்சுத்தான் மருந்து."

அக்கா ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிக்கொண்டு பெருமையாகச் சொன்னாள்: "இவன் விடுவானா டாக்டர்? வெறும் தேங்காய் நார்தான். பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வந்தான்."

டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். வாயைத் திறந்திருக்கலாம். அக்கா அப்படிச் சிரித்துக்கொண்டு பார்க்கும்போது நாக்கு எழவில்லை. எழவில்லையா, எழுப்பவில்லையா என்பது அவனுக்குத்தான் வெளிச்சம்.

சாதாரண நிமோனியாவுக்கான மருந்தை ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. உதடு நீலம் பாரித்த பிறகு அவன் டாக்டரின் அறைக்கு ஓடி எல்லாவற்றையும் கொட்டினான். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முதல்லயே சொல்லியிருந்தா நுரையீரல், கிட்னி ரெண்டையும் காப்பாத்தப் பார்த்திருக்கலாம். இப்ப மூச்சைக் காப்பாத்தணும்னா கிட்னிக்காக சாப்பிடுற அந்த மாத்திரைகளை நிறுத்தியாகணும். கிட்னி தாங்காது" என்றார்.

தாங்கவில்லை. பூஞ்சைக்கான மருந்தில் நுரையீரல் மெல்ல மெல்லத் தெளிந்தது. கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றுபோனது. மறுபடியும் டயாலிசிஸ் மெஷின், மறுபடியும் கையில் ஊசி. என்ன நடந்தது என்பதை டாக்டரே அக்காவிடம் சொல்லிவிட்டார்.

தம்பிக்காரன் உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அழுது தீர்த்த முகம். "உனக்காகத்தான்க்கா... செடி வாடினா நீயும் வாடுறேன்னுதான்..."

"தெரியும்டா." அவள் குரலில் கோபமே இல்லை. "உரம் போட்டது எனக்காகத்தான். அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ வாயை மூடிட்டு நின்னியே, அது யாருக்காக?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பதிலுக்காக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.