சரிபார்த்தவர் கையெழுத்து

உருளைகளின் மேல் நிற்கும் கார் எங்கும் போவதில்லை. சக்கரம் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் சுழலும். எதிர்ச்சுவர் ஓர் அங்குலம்கூட அருகே வராது. அந்த வேகத்தில் எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. காரைத் தரையோடு பிடித்து வைப்பவை நான்கு பட்டைகள். ஒருவர் கட்ட வேண்டும். இன்னொருவர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கட்டுவதும் ஓட்டுவதும் மாமா, என் அக்காவின் கணவர். சரிபார்ப்பது நான். வேலைக்குச் சேர்ந்த வாரம், குனிந்து ஒரு பட்டையைப் பிடித்தேன்.

“என்ன மாப்ளே, உங்க அக்காவையே என்னை நம்பிக் குடுத்தீங்க. நாலு பட்டைக்கு நம்ப மாட்டீங்களா?”

“விடுங்கண்ணே, மச்சினன்னா சந்தேகம் கூடவே பொறந்தது!” என்றார் பக்கத்தில் நின்ற பட்டறை பெயின்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மறுநாளிலிருந்து நான் குனியவில்லை. சரிபார்ப்புத் தாளின் கட்டங்களில் டிக் அடித்துக் கையெழுத்து மட்டும் போட்டேன். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாமா டயர் இடுக்கில் இருந்த கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். அந்த வேகத்தில் சிறு கல்லும் தோட்டாதான். பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசி முடித்தவர் நேராகப் போய் ஸ்டியரிங் முன் உட்கார்ந்துவிட்டார். பின்பக்க இடது பட்டையின் கொக்கி தரை வளையத்துக்குள் முழுதாக விழாமல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் பிற்பாடு கேமராப் பதிவில்தான் பார்த்தேன். அப்போது நான் கண்ணாடி அறைக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நூற்றிருபதைத் தாண்டியதும் காரின் பின்புறம் மெல்ல ஒருக்களித்தது, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல. உருளைகளை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். அதற்குள் சக்கரம் உருளையை விட்டு ஏறித் தரையைத் தொட்டுவிட்டது. சுழற்சியாக இருந்ததெல்லாம் ஒரே நொடியில் ஓட்டமாக மாறியது. சுவர்தான் நிறுத்தியது.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் மேனேஜர் என் கையைப் பிடித்தார். “இழுத்துப் பாத்தேன்னே சொல்லுங்க தம்பி. பட்டைதான் கோளாறுன்னு எழுதிடலாம். யாருக்கும் கெட்ட பேர் இல்லை.”

ஆபரேஷன் அறை வாசலில், மாமாவின் சட்டையும் வாட்சும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“அவர் கட்டினதை நீ பாத்துட்டுத்தானேடா விட்டே?”

அது கேள்வியாக இல்லை. விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தேடுவதுபோல இருந்தது.

“பாக்கலக்கா.”

“இன்னிக்கு மட்டுமா?”

“எப்பவுமே பாத்ததில்லை.”

அவள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். மடியிலிருந்த பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

கதவு திறந்தது. நர்ஸ் எங்களைப் பார்க்காமல் கையிலிருந்த அட்டையையே பார்த்தாள். “இவருக்குச் சொந்தக்காரங்க யாரு? டாக்டர் பேசணும்னு சொல்றார்.”

நானும் எழுந்தேன்.

“நான் மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.