விருந்தாளிக்கு நாற்காலி

இடது கன்னத்தை மழித்து முடித்து வலது பக்கம் ரேசரை வைத்தபோதுதான் அப்பா வாயைத் திறந்தார். நுரை உதட்டுக்குள் போய்விட்டது.

"ரேடியோ."

"மூணு மணிக்குத்தான்பா மேட்ச். இப்ப பதினொண்ணுகூட ஆகல. வாயை மூடுங்க, கீறிடும்."

"கீறட்டும். ரத்தம் வந்தா இன்னும் ஆள் இருக்கேன்னு தெரிஞ்சுக்கலாம்."

சின்னவள் வலது கன்னத்தை மழித்தாள். இன்னும் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை அவள் மறைக்கவில்லை. அப்பாவிடம் எதையும் மறைக்க முடியாது, நோண்டி நோண்டி எடுத்துவிடுவார். சிமெண்ட் ஆலையில் முப்பத்தாறு வருஷம் மூட்டை தைத்த மனிதர். நுரையீரலில் பாதி சிமெண்ட்தான் என்று எக்ஸ்ரேயைக் காட்டிப் பெருமையாகச் சொல்வார். சேதியைக் கேட்டதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சனிக்கிழமை மேட்ச் முடியணும். அதுக்கப்புறம் எப்ப வேணா வரச் சொல்லு."

அந்தச் சனிக்கிழமை இதுதான். அவருடைய ரக்பி கிளப்புக்கு வாழ்வா சாவா மேட்ச். தோற்றால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். போதாக்குறைக்கு, கிளப்பின் ஆட்டக்காரர்களில் ஆகச் சிறந்தவனை நாட்டு அணிக்காரர்கள் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். உலகப் போட்டியின் அரையிறுதியும் அதே மாலை.

உலகப் போட்டி என்றாலே அப்பாவுக்கு வயிறு எரியும். "ஊர் ஊரா ஆள் பொறுக்கி, நாலு வாரம் ஒண்ணா சாப்பிட வச்சு, ஒரு கோப்பையைக் காட்டி ஆட விடுறாங்க. அது ஆட்டமா? கல்யாண வீட்டுப் பந்தி. சாப்பிட்டு கைகழுவிட்டு அவனவன் வீட்டுக்குப் போயிடுவான். கிளப் மேட்ச்ல சனிக்கிழமை தோத்தா திங்கக்கிழமை ஆலை வாசல்ல முகத்தைக் காட்டணும். அது ஆட்டம்." நாட்டு அணி ஆடும்போது மட்டும் கொடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர் விருந்தாளிகள். அந்த வீட்டில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

அவருடைய மூத்த மகனே ஒரு விருந்தாளி என்பதுதான் வேடிக்கை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளப்பின் பத்தாம் நம்பர் ஆட்டக்காரனை நாட்டு அணிக்கு இழுத்துக்கொண்டுபோய், முழங்காலை உடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வருஷம் நாட்டு அணி கோப்பையை வென்றது, கிளப் இரண்டாம் பிரிவுக்குச் சரிந்தது. கோப்பை வந்த சந்தோஷத்தில் பெரியவன் தெருவில் பட்டாசு வெடித்தான். அப்பா கதவைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க விருந்தாளி, சாப்பிட்டீங்களா?" என்றார். அதற்கப்புறம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனான்.

சின்னவள் போகவில்லை. அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் எழுதிக் கொடுக்கும் வேலை. இருபத்திரண்டு வயதிலிருந்து கிளப்பின் ஒரு மேட்ச் விட்டதில்லை. அப்பாவுக்குக் கிழக்கு ஸ்டாண்டில் ஆயுள் உறுப்பினர் நாற்காலி, ஆறாம் வரிசையில் பதினொன்று. அவளுக்குக் கம்பிக்குப் பின்னால் நிற்கிற டிக்கெட். பத்தொன்பது வருஷம் நின்றே பார்த்தாள். இடைவேளையில் ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடி வந்து நிற்பாள். கிளப் முதல் பிரிவுக்குத் திரும்பிய அன்று அப்பா சந்தோஷம் தாங்காமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "எனக்கப்புறம் இந்த சீட் உனக்குத்தாண்டி" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கல்யாணம் தட்டிப்போனது, இரவும் பகலும் மலச்சட்டி எடுத்தது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஈடுகட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பெரியவன் பையோடு வந்து நின்றான். உள்ளே நாட்டு அணியின் சட்டை போட்டிருந்தான். மேலே கோட்டைப் போட்டு மறைக்கப் பார்த்தான், காலர் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "விருந்தாளி வந்தாச்சா?"

படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸம்மா அதை நிஜமென்று நம்பிவிட்டாள். "வாங்க சார், உட்காருங்க" என்று இருந்த ஒரே நாற்காலியை அவன் பக்கம் தள்ளி, ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். "பெரியவருக்கு எந்த வகையில சொந்தம்?"

"மகன்" என்றான் பெரியவன். நர்ஸம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சின்னவளும் சிரித்துவிட்டாள். அண்ணன் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாகவே இருந்தது.

ஒரு மணிக்கு விசில் மாமா வந்தார். ஒரு காலத்தில் நடுவராக இருந்தவர், இப்போது கிளப் செயலாளர். அப்பாவே போன் போட்டு வரச்சொல்லியிருந்தார். ஆயுள் உறுப்பினர் நாற்காலியைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதி வைக்கலாம், உயிரோடு இருக்கும்போதே கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். சின்னவள் காலையிலேயே பேனாவை எழுதிப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள்.

"சீக்கிரம் முடிச்சுக்கலாம்யா, நான் மைதானத்துக்குப் போகணும்" என்று மாமா படிவத்தை விரித்தார். "சின்னவ பேரு நான் வரும்போதே எழுதிட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

"அடி" என்றார் அப்பா.

"என்னது?"

"பேரை அடி. பெரியவன் பேரை எழுது."

மாமா சின்னவளைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"எனக்கு வேணாம்பா" என்றான் பெரியவன். "நான் எங்க வந்து பாக்கப்போறேன்? அவளுக்கே குடுங்க."

"உனக்கு வேணுமான்னு யாருடா கேட்டா?"

"யோவ், நியாயமா பேசு" என்றார் மாமா. "பத்தொம்பது வருஷமா அந்தப் பொண்ணு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நானே பாத்திருக்கேன்."

"அதான் சொல்றேன். அவ நிப்பா. மழை பேஞ்சாலும் நிப்பா, நான் செத்தாலும் நிப்பா. அவளுக்கு எதுக்கு நாற்காலி? இவனைத்தான் பிடிச்சு உட்கார வைக்கணும். சும்மா கிடைச்ச சீட்டாச்சேன்னு ஒரு நாள் வந்து உட்காருவான். உட்கார்ந்தா தெரியும் எது ஆட்டம்னு." அப்பாவுக்குத் தான் அடுத்துச் சொல்லப்போவது அப்போதே பிடித்துவிட்டது, முகமெல்லாம் மலர்ந்தது. "விருந்தாளிக்குத்தானேய்யா நாற்காலி போடணும்? வீட்டு ஆளு நின்னுக்கும்."

தன் பேச்சை ரசித்துத் தானே சிரித்தார். சிரிப்பு இருமலானது. மாமா பெயரை அடித்து மாற்றி எழுத, இருமலுக்கு நடுவிலும் அப்பா பேனாவுக்குக் கையை நீட்டினார். கீழே சாப்பாட்டுத் தட்டை வைத்து, அதன்மேல் படிவத்தை வைத்து, யாராவது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால்தான் எழுத முடியும். பெரியவன் நகரவில்லை. சின்னவள்தான் பிடித்துக்கொண்டாள். அவர் தன் பெயரின் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷமாக விருந்தாளி என்ற வார்த்தையை வசவு என்று நினைத்திருந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பன்னிரண்டு வருஷமும் அந்த ஒருத்தனைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் இருந்தவள் வீட்டுச் சாமான் மாதிரி இருந்திருக்கிறாள்.

இருமல் அடங்கவில்லை. நர்ஸம்மா கிளம்பும்முன் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டுப் போனாள். மாஸ்க்கின் பட்டை காதுக் கருவியில் உரசிக் கீச்சென்று கத்த, அப்பா கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அது இல்லாமல் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது, காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் உண்டு.

மூன்று மணிக்கு மேட்ச் தொடங்கியது. பெரியவன் கால்மாட்டில் உட்கார்ந்து போனில் அரையிறுதிக்கு முந்தைய அலசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை. சின்னவள் இயர்போனைச் சொருகிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குனிந்து அவர் காதில் சொன்னாள்.

"கோட்டைத் தாண்டி டிரை போட்டுட்டாங்கப்பா, அஞ்சு பாயிண்ட். அவங்க."

"பெனால்டி. நமக்கு மூணு பாயிண்ட்."

பொய்யே சொல்லவில்லை. அதுவரைக்கும் சொல்லத் தோன்றவும் இல்லை.

"இதையெல்லாம் ஏன்தான் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறாரோ" என்றான் பெரியவன் தலையைத் தூக்காமல். "உலகப் போட்டில ஒரு மேட்ச் பாத்தா தெரியும். அந்த வேகம் என்ன, பாஸ் என்ன. இவங்க ஆடுறது சேத்துல எருமை மேய்க்கிற மாதிரி."

"அவருக்குக் கேக்காது. கத்திச் சொல்லு" என்றாள்.

எண்பதாவது நிமிஷம். கிளப் பதினேழு, எதிரணி பத்தொன்பது. கம்பங்களுக்கு நேர் எதிரே கிளப்புக்குப் பெனால்டி. உதைத்தால் மூன்று பாயிண்ட், மேட்ச் முடிந்தது.

"கிக்கா?" மாஸ்க்குக்குள் அப்பாவின் உதடு அசைந்தது.

"இல்லப்பா. ஸ்க்ரம் கேட்டிருக்காங்க. தள்ளியே டிரை போடப்போறாங்களாம்."

அப்பா கண்ணை மூடித் திறந்தார். அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், தோளைப் பிடித்து உலுக்கிய அன்று.

பக்கத்துக்கு எட்டுப் பேர் தோள் கோத்து முட்டிக்கொண்ட ஸ்க்ரம் ஒரு முறை சரிந்தது, மறுபடி போட்டார்கள். தள்ளினார்கள். வர்ணனையாளரின் குரல் உடைந்தது. எட்டுப் பேரும் ஒரே மூச்சில் கோட்டைத் தாண்டி விழுந்தார்கள், பந்து அடியில் தரையைத் தொட்டிருந்தது. இருபத்திரண்டு, பத்தொன்பது. மைதானம் முழுக்க அவள் காதுக்குள் கத்தியது. பழக்கத்தில் அவள் கை கம்பியைத் தேடியது, கட்டில் விளிம்பு கிடைத்தது.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாச்சு?"

அவள் குனிந்தாள். மழித்த கன்னத்தில் சோப்பு வாசனை அடித்தது.

"தோத்துட்டோம்பா."

"பந்து?"

"கைநழுவிடுச்சு. கோட்டுக்கு ஒரு அடி இருக்கும்போது முன்னாடி விழுந்துடுச்சு."

"யாரு?"

"கேப்டன்தான்பா."

மாஸ்க் பனித்துத் தெளிந்தது. மறுபடி பனித்தது. அவர் விரல் அசைவதைப் பார்த்து, இன்னும் குனிந்தாள்.

"விருந்தாளிகிட்ட சொல்லாத" என்றார் அப்பா.

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. இன்னும் இருபது நிமிஷம் மூச்சு இருந்தது. அந்த இருபது நிமிஷத்தில் எப்போது வேண்டுமானாலும் அவள் சொல்லியிருக்கலாம். வாயைத் துடைத்துவிட்டாள். போர்வையை இழுத்துவிட்டாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். உண்மையைச் சொல்வதென்றால், அவளுக்கு நன்றாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது, அதை அவருக்குக் கொடுக்காமல் இருக்க அவளால் முடிந்தது.

பிறகு அவர் கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு காதுப் பக்கம் இறங்கியது. சின்னவள் ஓடிப்போய்க் காதில் வாயை வைத்து, "ஜெயிச்சுட்டோம்பா! பொய் சொன்னேன்பா, ஜெயிச்சுட்டோம்!" என்று கத்தினாள். மாஸ்க் பனிக்கவில்லை. இன்னொரு தடவை கத்தினாள்.

பெரியவன் எழுந்து நின்றான். போனில் நாட்டுப் பண் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ என்ன சொன்னே அவர்கிட்ட? முதல்ல."

அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். பட்டை பதிந்திருந்த கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்துச் சரிசெய்யப் பார்த்தாள். அது போகவில்லை.

டாக்டர் வந்து சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் மைதானத்துக் கூட்டம் வந்தது. சேற்றுச் செருப்புகளை வாசலில் விட்டுவிட்டு, கத்திக் கத்திக் குரல் கம்மியவர்கள் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். துக்க வீட்டில் சிரித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். விசில் மாமா கட்டிலருகே மண்டியிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கேட்டுட்டுத்தானே போனான்? கேட்டான்தானே?" என்று பெரியவனிடம் கேட்டார்.

பெரியவன் தங்கையைப் பார்த்தான். "நான் விருந்தாளி மாமா. எனக்கென்ன தெரியும்? அவளைக் கேளுங்க."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். வழக்கம்போல அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டாரு மாமா" என்றாள். "நான்தான் சொன்னேன்."

"ஸ்க்ரம் எடுத்ததையும் சொன்னியா? சந்தோஷப்பட்டானா?"

"ரொம்ப."

"குடுத்து வச்சவன்யா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். இறுக்கி வைத்திருந்த உதடுகள் தளர்ந்தன. சாவு வீடு கிட்டத்தட்ட வெற்றி விழாவாகிவிட்டது.

மாமா சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினார். எழுதி முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு மைதானத்துல எல்லாரும் கூடுறோம்மா. மைக்ல வாசிக்கணும். எனக்கு எழுத்து கொஞ்சம் தகராறு, தப்பிருந்தா பாத்துக் குடு."

நான்கு வரிதான் இருந்தது. 'வெற்றி செய்தியை அன்பு மகளின் வாயால் கேட்ட பிறகே நிம்மதியாகக் கண்களை மூடினார்' என்று கடைசி வரி.

அவள் இரண்டு தடவை படித்தாள். பேனாவை வாங்கி, வெற்றிக்கும் செய்திக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த 'ச்'சைச் சேர்த்து, தாளை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.