ஐந்து சான்றும் ஒரே ஆள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு கொலைதான் செய்திருந்தார். அதையும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கடையின் பின்னறையில், சாப்பிட்ட கை காய்வதற்குள் மவுஸைப் பிடித்துச் செய்தார். செய்த ஞாபகம்கூட அவருக்கு இல்லை. செத்தவரின் மகள் போன் செய்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"இணையத்துல அந்தக் குடும்ப மரம் போடுறவர் நீங்கதானா?"

"ஆமாங்க, நான்தான். சொல்லுங்க" என்றார் அவர், குரலில் ஒரு அங்குலம் பெருமை ஏற. நானூற்றுப் பன்னிரண்டு பேர் அடங்கிய மரம். பிறப்பு, திருமணம், இறப்பு என்று எதைச் சொன்னாலும் "எங்க எழுதியிருக்கு? யாரு சொன்னா?" என்று கேட்பதால் சொந்தக்காரர்கள் அவருக்குச் 'சான்று' என்றே பெயர் வைத்திருந்தார்கள். விசேஷ வீட்டில் அவர் நுழைந்தால் பழைய கதை பேசுகிறவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

"நான் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். உங்க மரத்துல எங்கம்மா இருக்காங்க. உங்க தாத்தாவோட அண்ணன் மகள். 'இளம் வயதில் இறப்பு'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா, பாவம்..."

"எழுபத்தொன்பது வயசாகுது. பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. இப்பத்தான் பிரஷர் பாத்தேன்."

கடைக்காரர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். போனில் பேசுவதற்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

"ஏதோ தப்பு நடந்திருக்குங்க. ஆனா அஞ்சு சான்று இருக்கே... இருங்க." பதற்றத்தில் மனுஷனுக்கு எது பழக்கமோ அதுதான் வரும். மென்பொருளில் உறவுமுறை காட்டும் பொத்தானை அமுக்கினார். "அப்படிப் பாத்தா நீங்க எனக்கு அத்தை மகள் முறை."

"அத்தான்னு கூப்பிடச் சொல்றீங்களா? முதல்ல எங்கம்மாவ எழுப்பிக் குடுங்க. அப்புறம் பாக்கலாம்."

பிறகு நர்ஸ் குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அம்மா பதினெட்டு வயதில், அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவர். அதற்குப் பிறகு போகவும் இல்லை, யாரும் வரவும் இல்லை. குடும்ப மரத்தைக் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று நேற்று மகள்தான் போனைக் கையில் கொடுத்திருக்கிறாள். அம்மா பார்த்தார், சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

"நேத்துலேருந்து ஒரே கேள்விதான். நான் செத்துட்டேன்னு வீட்டுல யாரு சொன்னது, அப்பாவா, தம்பியான்னு. ரெண்டு பேரும் இப்ப இல்ல. ஆனாலும் யாரு மேல கோபப்படணும்னு தெரியணுமாம். சும்மா உக்காந்திருக்காங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சொல்றேன்" என்றார் கடைக்காரர். ஏன் ஐந்து மணி என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரியாது. சொல்லிவிட்டார், இனி பின்வாங்குவதாக இல்லை.

மனைவி பின்னறைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, கடையைக் கடையாக வைத்திருப்பது எல்லாம் அவள் பொறுப்பு. எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா, அது தெரியுதா" என்று கேட்பது மட்டும் இவர் வேலை.

"ஏங்க, ஒருத்தர் வந்து நிக்கிறாரு. கண்ணு பாக்கணுமாம்."

"என் கண்ணையே யாராவது பாத்தா தேவலை."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள், "செத்தவங்கள விட்டுட்டு உயிரோட இருக்கிறவங்களக் கவனிங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இப்ப உயிரோட இருக்கிறவங்களையே சாக வச்சாச்சா?" என்றாள். வெளியே போய், கண் பார்க்க வந்தவரிடம் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினாள். 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, காப்பியோடு திரும்பி வந்தாள்.

அத்தையின் பெயருக்குக் கீழே ஐந்து சான்றுகள் கம்பீரமாக வரிசை கட்டி நின்றன. மொத்த மரத்திலும் இவ்வளவு பலமான இறப்பு வேறு யாருக்கும் இல்லை. கடைக்காரரின் சொந்தத் தகப்பனாருக்கே இரண்டுதான்.

முதல் சான்று, வக்கீல் தம்பியின் மரம். வக்கீல் அவருக்குச் சித்தப்பா மகன். அத்தைக்கோ கூடப்பிறந்த தம்பியின் மகன். போன் போட்டார்.

"அண்ணே, அவங்களப் பத்தி எங்க வீட்டுல பேசவே மாட்டாங்க. அவங்க படம் வந்தா அப்பா ஆல்பத்தையே மூடிடுவாரு."

"செத்துட்டாங்கன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

"கேட்டதில்ல. ஆனா இறந்துட்டாங்கதானே? அஞ்சு இடத்துல இருக்கே."

"நீ எங்கேருந்துடா எடுத்த?"

"குடும்ப இணையப் பக்கத்துலேருந்து."

இணையப் பக்கம் இரண்டாவது சான்று. அதை நடத்துகிற பெரியப்பா மகளைக் கேட்டால், தான் அச்சடித்த பரம்பரைப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டதாகச் சொன்னாள். புத்தகம் மூன்றாவது சான்று. அது ஒரு மருமகனின் கோப்பிலிருந்து வந்தது. கோப்பு நான்காவது. மருமகனோ போனை எடுத்ததும், "மாமா, அது நீங்க அனுப்பினதுதானே? நீங்க அனுப்பினா சரியா இருக்கும்னு ஒரு எழுத்துகூட மாத்தலையே!" என்று பெருமையாகச் சொன்னான். அந்தப் பெருமை கடைக்காரரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஐந்தாவதைத் திறந்தார். அது அவருடைய பழைய கணினியின் காப்புப் பிரதி. கணினி மாற்றியபோது தன் கோப்பையே வேற்றுக் கோப்பு என்று நினைத்து உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்.

வக்கீலை மறுபடி அழைத்தார்.

"டேய், அந்த அஞ்சும் நான்தான்டா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நான் சொன்னதை நாலு பேரு சொன்னாங்க. நாலு பேரு சொல்றாங்களேன்னு நானும் நம்பிட்டேன்."

"கோர்ட்டுல இப்படி ஒரு சாட்சி வந்தா நான் பிச்சிருப்பேன்" என்றார் வக்கீல்.

"இப்ப பிய்க்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. உன் மரத்துல அந்த வரிய எடு. இப்பவே எடு. நான் லைன்லயே இருக்கேன்."

வக்கீல் எடுக்கும்வரை இருந்தார். பெரியப்பா மகள், மருமகன் என்று ஒவ்வொருவரையும் அதே மாதிரி பிடித்து நிறுத்தி, எடுக்க வைத்தார். அச்சான புத்தகத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அறுபது பிரதிகளுக்கும் திருத்தச் சீட்டு அச்சடித்துத் தானே தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்.

ஆனால் அவர் முதல்முதலாக எதை வைத்து எழுதினார்? பழைய காப்புப் பிரதியில் பதில் இருந்தது. 'சான்று: இரண்டு புகைப்படங்கள்.' ஒன்றில் பதினாலு வயதுப் பெண் ரிப்பன் கட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறாள். ஆறு வருஷம் கழித்து எடுத்த அடுத்த படத்தில் அவள் இல்லை. அவ்வளவுதான். மென்பொருள், இறப்பு விவரம் இல்லாத பழைய பெயர்கள் பக்கத்தில் எல்லாம் ஒரு சிவப்பு முக்கோணத்தைக் காட்டும். அன்றைக்கு மத்தியானம் அவருக்கு முக்கோணங்களைக் கண்டால் ஆகவில்லை. 'இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு பார்ப்போம்' என்று 'இளம் வயதில் இறப்பு' போட்டு அவளை அனுப்பிவைத்துவிட்டார். முக்கோணம் மறைந்தது. பிறகு பார்க்கவில்லை.

மணி ஒன்றரை. தான் சொன்னது பொய் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் அத்தையின் கேள்விக்கு அது பாதிப் பதில்தான். அப்பாவும் தம்பியும் சொல்லவே இல்லை என்று எதை வைத்துச் சொல்வது?

கணினித்திரையின் மூலையில் 'பிறகு' என்றொரு கோப்புறை இருந்தது. சொந்தக்காரர்கள் அனுப்பிய படங்கள், ஸ்கேன் செய்த பழைய காகிதங்கள் என்று இருநூற்று முப்பத்தெட்டு கோப்புகள். எதற்கும் பெயர் கிடையாது, வெறும் எண்கள். தேடவும் முடியாது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

"சாப்பிட வாங்க" என்றாள் மனைவி.

"பிறகு" என்று வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "தட்டை இங்க கொண்டா" என்றார்.

திறந்தார், படித்தார், பெயர் வைத்தார்: ஆண்டு, என்ன காகிதம், யாருடையது, யார் கொடுத்தது. அடுத்தது. மனைவி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியால் மங்கிய எழுத்துகளைப் படித்துச் சொன்னாள். நடுவில் ஒரு திருமண அழைப்பிதழைப் பார்த்து, "இந்தக் கல்யாணத்துலதான் நீங்க செருப்பைத் தொலைச்சுட்டு என் தம்பி செருப்பைப் போட்டுட்டு வந்தீங்க" என்றாள்.

"அதுக்குச் சான்று இருக்கா?"

"செருப்பே இருக்கு. பரண்ல."

நூறு தாண்டியது. முதுகு வலித்தது. நூற்றறுபது. இடையில் ஒருவர் கடைக்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாலேகால் மணிக்கு, இருநூற்று ஐந்தாவது கோப்பைத் திறந்தபோது, மனைவி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டாள்.

வக்கீல் தம்பி என்றைக்கோ மொத்தமாக அனுப்பிய கட்டுக்குள் இருந்தது அது. அத்தையின் அப்பா குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டியவர். அவருடைய பணிப்பதிவேட்டில் ஒரு பக்கம்: குடும்ப விவரம். அவரே தன் கையால் நிரப்பியது. தேதி, மகள் வீட்டைவிட்டுப் போய் எட்டு வருஷம் கழித்து. மனைவி. மகன். அதற்கு மேலே, முதல் வரியில், மகள், வயது இருபத்தாறு, 'உயிருடன்' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி. முகவரிக் கட்டத்தில் மட்டும் மையில்லை. பென்சிலால், பொடி எழுத்தில் ஒரு கதவு எண்ணும் தெருவும்.

கடைக்காரர் அதற்கு முழுச் சான்றுக் குறிப்பு எழுதினார். எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், யாரிடமிருந்து வந்தது, யார் எப்போது படித்தது. ஒரு வார்த்தையும் விடவில்லை. ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் போன் போட்டார்.

நர்ஸ் போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"அத்தை, உங்க அப்பாவும் சொல்லல, தம்பியும் சொல்லல. எங்க தேடியும் அப்படி ஒருத்தர் சொன்னதா இல்ல. சொன்னது நான்தான்."

"நீயா? நான் உன்னைப் பாத்ததுகூட இல்லையேப்பா."

"ஒரு சிவப்பு முக்கோணம் வந்துச்சு அத்தை. அதைப் போக வைக்கிறதுக்காக..."

"முக்கோணமா?"

இதற்கு மேல் கௌரவமாக விளக்க வழியில்லை. பதிவேட்டுப் பக்கத்தை அப்படியே வாசித்தார். உயிருடன் என்ற இடத்தில் ஒருமுறை நிறுத்தினார். கடைசியில் பென்சில் முகவரி.

"அது நாங்க முதமுதல்ல குடியிருந்த மாடி வீடு" என்றார் அத்தை. "வீட்டுக்காரம்மாவத் தவிர ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. அப்பாவுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது? வந்து பாத்திருப்பாரோ? தெருவுல நின்னுட்டுப் போயிருப்பாரோ?"

மனைவி கடைக்காரரின் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் அந்தப் பக்கம் ஒரு மனசு குளிரும். வாய் தானாகவே திறந்தது. ஆனால் இரக்கத்தில் எழுதினாலும் ஊகம் ஊகம்தான். ஒரு தடவை ஊகித்ததற்கே ஒரு ஆள் செத்திருக்கிறார்.

"தெரியல அத்தை. அதுக்கு என்கிட்ட சான்று இல்ல. எழுதி வச்சிருந்தாருங்கிறதுதான் தெரியும். அதைப் படமா அனுப்புறேன், நீங்களே பாருங்க."

"அனுப்பு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்பா மேலயும் கோபப்பட முடியாம, தம்பி மேலயும் கோபப்பட முடியாம பண்ணிட்டியே! சரி, உன் மேலயே பட்டுக்கிறேன். ஒரு நாள் நேர்ல வா, நல்லாத் திட்டணும்."

"ஞாயித்துக்கிழமை வரேன் அத்தை."

போன் கை மாறியது. "அம்மா அழுறாங்க. பரவால்ல, நல்ல அழுகைதான். அப்புறம் பேசுறேன் அத்தான்" என்று நர்ஸ் வைத்துவிட்டாள்.

"அத்தானாமே!" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

கடைக்காரர் கணினிப் பக்கம் திரும்பினார். அத்தையின் பெயரைத் திறந்து, இறப்பு வரியையும் அதன் ஐந்து சான்றுகளையும் ஒவ்வொன்றாக நீக்கினார். கடைசியாக ஒரு முறை அமுக்கியதும், ஒன்பது வருஷமாகக் காணாமல் போயிருந்த சிவப்பு முக்கோணம் அத்தையின் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. 'இறப்பு விவரம் இல்லை.'

அதை அப்படியே விட்டுவிட்டு, இருநூற்று ஆறாவது கோப்பைத் திறந்தார்.