பச்சமுத்துவின் பழைய சைக்கிள்

மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம், பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பச்சமுத்துவுக்குப் புதுச் சைக்கிள் ஆசை பிடித்துக்கொண்டது. நாமக்கல்லில் மணியன் கடையில் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கறுப்புச் சட்டம், பொன் கோடு, தொட்டாலே பாடும் பெல். பழசைக் கொடுத்தால் விலையில் குறைத்துக்கொள்வதாக மணியனும் சொல்லியிருந்தான்.

அவருடைய பழைய சைக்கிளில் பெல்லைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும். பிரேக் எப்போதோ கழன்று போயிருந்தது. நிறுத்த வேண்டுமென்றால் காலைத் தரையில் தேய்ப்பார்.

மனைவி அத்தாயி மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"ஓடற வரைக்கும் ஓட்டுங்க. நின்னு போச்சுன்னா அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

நின்று போக வேண்டும், அவ்வளவுதானே? திங்கட்கிழமை சாயங்காலம் யாரும் பார்க்காதபோது பச்சமுத்து இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் காலையில் சக்கரம் கல்லு மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை செயினைக் கழற்றிச் சகதியில் புரட்டிப் போட்டார். விடிந்து பார்த்தால் செயின் துடைத்து மாட்டி, விளக்கெண்ணெயும் விட்டிருந்தது. புதன்கிழமை கோபம் வந்து, பெடல் மரையைக் கழற்றி வாய்க்காலிலேயே வீசினார். வியாழக்கிழமை பெடலில் வேறொரு மரை முறுக்கியிருந்தது.

பச்சமுத்து சைக்கிளைத் தொடாமல் தள்ளி நின்றே அத்தாயியைக் கூப்பிட்டார்.

"ஏபுள்ள, இந்தச் சைக்கிள்ல என்னமோ ஏறியிருக்குது."

அத்தாயி முறத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "முனி கினி ஏறி ஓட்டுதோ என்னமோ. நல்ல முனியாத்தான் இருக்குது, எண்ணெயெல்லாம் போடுது."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கரூர் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய பச்சமுத்து, பாதி வழியில் திரும்பி வந்து வாழைத் தோப்புக்குள் ஒளிந்துகொண்டார். உச்சி வெயில். வாய்க்கால் கரையில் அந்தக் கடகடப்பு கேட்டது. முனியைப் பார்த்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாதைக்கு நடுவில் வந்து நின்றார்.

அத்தாயி வந்துகொண்டிருந்தாள். சேலையை இழுத்துச் செருகி, கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு, பின்னால் வெற்றிலை பறிக்கும் ஆட்களுக்கான கூழ்ப்பானையைக் கட்டிக்கொண்டு பறந்து வந்தாள்.

"அக்கட்ட போங்க! எனக்கு நிறுத்தத் தெரியாது!"

இந்தப் பக்கம் முள்வேலி. பச்சமுத்து அந்தப் பக்கம் வாய்க்காலில் குதித்தார். அத்தாயி கொஞ்ச தூரம் போய், வழக்கமாகச் சாயும் வாழையில் சாய்ந்து நின்றாள். கூழ் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே பச்சமுத்து கேட்டார். "எத்தன நாளா இது?"

"நாலு மாசமாச்சுங்க. நீங்க மத்தியானம் கண்ணசர்ற நேரத்துலதான்."

"மரை?"

"ஆட்டுப்பட்டிக் கதவுல ஒண்ணு இருந்துச்சுங்க. கதவு இப்ப ஒரு பக்கம் சித்தச் சாஞ்சிருக்குது, நீங்க பாக்கல."

"அதுக்குத்தான் புதுசு வேண்டான்னியா?"

அத்தாயி முதல் தடவையாகத் தடுமாறினாள். "புதுசு வாங்கிட்டா இதைக் கொண்டுபோயி அந்த மணியன்கிட்டக் குடுத்துருவீங்கல்ல? நான் எதுல போறது?"

பச்சமுத்து கோபப்படத்தான் பார்த்தார். ஆனால் அந்தச் சைக்கிளில் அவ்வளவு வேகம் அவரால் ஒருநாளும் போக முடிந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே கரையேறினார்.

மறு வாரம் நாமக்கல்லில், பழசு எங்கே என்று மணியன் கேட்டான்.

"ஊட்டுல ஒருத்தருக்கு வேணுமாம்" என்றார் பச்சமுத்து. முழு விலை போட்டதில் மனசு எரிந்தது. ஆனாலும் வழியெல்லாம் பெல்லை அடித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த மூன்று மத்தியானமும் வாய்க்கால் கரையில், சைக்கிளிலிருந்து குதித்து இறங்குவது எப்படி என்று மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். நாலாம் நாள் சந்தை. வேலூர் ரோட்டில் அத்தாயி முன்னால் போனாள். எதிரே வந்த பக்கத்து ஊர்க் கந்தம்மாள் தலைக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

"ஏனாத்தா, பின்னால புதுச் சைக்கிள்ல வாரது ஆரு?"

"எங்கூட்டுக்காரருதான்" என்றாள் அத்தாயி, பெடலை மிதித்துக்கொண்டே. "இப்பத்தான் பழகறாரு."