வெறும் அடைப்புக்குறி

கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஜாவாவில் ஏதும் பிழை நேர்ந்தால் நிரல் அந்தப் பிழையைத் தூக்கி வீசும். பிடித்து என்ன செய்வதென்று நாங்கள் எழுதிவைக்க வேண்டும். நான் பிடித்தேன், ஒன்றும் எழுதவில்லை. வெறும் அடைப்புக்குறி; பிழை வெளியே தெரியாமல் அதற்குள்ளேயே அமுங்கிவிடும்.

சோம்பல் அல்ல, பயம். அது 2008, யுத்த காலம். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தால், தமிழன் செய்த சிஸ்டம் விழுந்துவிட்டது என்பார்கள். அந்தப் பேச்சு பொலிசுக்குப் போக எவ்வளவு நேரம்? யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வாடகைக்கு இருந்தேன். ஒருமுறை பொலிசில் இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டும் வந்திருந்தேன்.

ஒருநாள் காலை அலுவலகத்தில் அதே நிரலைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, இரத்த வகை பார்க்கும் இயந்திரத்தின் வயர் கழன்றது. திரை கலங்கவேயில்லை. முந்தின ஆளின் இரத்த வகையை அடுத்த ஆளின் பெயருக்கு நேரே போட்டுவிட்டு, சமர்த்தாக நின்றது. மருத்துவமனையிலும் இதே நிரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசை விவேகானந்தன் எட்டிப் பார்த்தார்.

"சத்தமில்லாமல் நீர் திருத்திவிடும். வாய் திறந்தீரெண்டால் நாசவேலை எண்டுதான் எழுதுவாங்கள்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. பரிசோதனைக்கூடத்து ஞானேஸ்வரிக்குப் போன் எடுத்தேன்.

"இண்டைக்கு ஆருக்கும் இரத்தம் ஏத்தப் போகினமோ?"

"ஆமா சார், பதினோரு மணிக்கு. ஹுன்னஸ்கிரியவுல இருந்து வந்த அம்மா ஒருத்தங்க. பி பொசிட்டிவ்."

"அவவுக்கு முன்னம் பாத்த ஆளுக்கு என்ன வகை?"

"அவருக்கும் பி தான்."

"கையால திரும்பப் பாருங்கோ. அதுவரைக்கும் ஏத்த விடாதேங்கோ!"

மணி பத்தரை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தேன். வெளியே ஒரு ஜீப் போனது. விவேகானந்தன் கதிரையை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"சார்..." ஞானேஸ்வரியின் குரல் இறங்கியிருந்தது. "அந்த அம்மாவுக்கு ஓ பொசிட்டிவ். டொக்டர்கிட்ட சொல்லி நிப்பாட்டிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது.

"பதிவுப் புத்தகத்துல காரணம் எழுதணுமே சார். மெஷின் கோளாறுன்னு போட்டுறவா?"

என்னைக் காப்பாற்றத்தான் கேட்டாள். சரி என்றால் முடிந்தது. ஆனால் அதுவும் ஒரு வெறும் அடைப்புக்குறிதான்.

"இல்லைப் பிள்ளை. நிரல் பிழை எண்டு எழுதுங்கோ. எழுதினவன்ர பேரும் போடுங்கோ."

"முழுப் பேருமா சார்?"

"ஓம். கந்தையா யோகேந்திரன்."

பிறகு அந்த அடைப்புக்குறிக்குள் முதல் வரியை எழுதினேன். பிழை வந்தால் திரையில் சிவப்பாகக் காட்டும் வரி.